கப்பல் சோறு: அன்றும் இன்றும்

தொண்டாமுத்தூருக்கும் கடலுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. மேற்கே வெள்ளியங்கிரி மலை, கிழக்கே பேரூரைத் தாண்டினால் கோவை. பாக்கு, தென்னை, வாழை, சின்ன வெங்காயம் என்று மண்ணை நம்பிப் பிழைக்கிற ஊர். சிறுவாணிப் பக்கம் மழை உண்டா, நொய்யலில் தண்ணீர் வந்ததா, வெங்காயம் என்ன விலைக்குப் போகிறது, யானை எந்தத் தோட்டத்தில் புகுந்தது என்பதுதான் டீக்கடைப் பேச்சு. அந்த ஊரில் இப்போது கப்பல் பேச்சும் அடிபடுகிறது. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கிற நேரத்தில் யாராவது ஒருவர், "சிங்கப்பூர்ல கப்பல் ஏறிப் போய்ட்டு வந்தோமுங்க" என்று ஆரம்பிக்கிறார். சுற்றியிருப்பவர்கள் இரண்டே கேள்விகள்தான் கேட்கிறார்கள். "சோறு எப்படிங்க?" என்பது முதல் கேள்வி. "தலைக்கு எவ்வளவு ஆச்சுங்க?" என்பது அடுத்தது.

1976இல் நான் பினாங்கு போய்த் திரும்பியபோதும் ஊர் இதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்டது. அன்றைய பதிலும் தெரியும், அண்மையில் மகள் குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போய்வந்ததால் இன்றைய பதிலும் தெரியும். இரண்டையும் அருகருகே வைத்துச் சொன்னால், பணம் கட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

என் அம்மாவின் தம்பி பினாங்கில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கால் ஒடிந்து படுத்துவிட்டார். துணைக்கு யாரையாவது அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு வேலை உத்தரவுக்காகக் காத்திருந்த என்னை அனுப்புவதென்று வீட்டில் முடிவாயிற்று. விமானம் என்ற பேச்சே எழவில்லை. அக்கரைச் சீமைக்குப் போகிறவர்கள் கப்பலில்தான் போவார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கப்பல் 'ரஜூலா'. 1926இல் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி அதைச் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓட்டியது. சுமார் 8,500 டன் அளவுள்ள அந்தக் கப்பலுக்கு, கட்டிய காலத்தில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. பயணிகளுக்கு அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம்தான் அவரவர் இடம். ரப்பர் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளர்கள், வட்டிக்கடைச் செட்டியார்கள், நாகூர் வியாபாரிகள், கணவனைத் தேடிப் போன பெண்கள் என்று இரண்டு மூன்று தலைமுறைத் தமிழர்கள் அந்தத் தளத்தில் படுத்துத்தான் கடலைக் கடந்தார்கள்.

1973இல் ரஜூலா ஓய்வு பெற்றது. நான் போன கப்பல் எம்.வி. சிதம்பரம். பிரான்சில் 1966இல் 'பாஸ்டர்' என்ற பெயரில் கட்டப்பட்டு, தென்னமெரிக்காவுக்குப் போய்வந்துகொண்டிருந்த கப்பல் அது. ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா அதை வாங்கி, வசதியுள்ளவர்களுக்குச் சில கேபின்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் சாதாரணப் பயணிகளுக்கு அடுக்குக் கட்டில்களைப் போட்டது. 'பங்க்' வகுப்பு என்பார்கள். பாயில் படுத்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை இரும்புக் கட்டிலில் படுத்தது. அன்றைக்கு அதுவே பெரிய முன்னேற்றம்.

டிக்கெட் எடுப்பது இன்று போல விரல் நுனி வேலை அல்ல. பாஸ்போர்ட்டுக்குச் சென்னை போக வேண்டும். அம்மைக்கும் காலராவுக்கும் ஊசி போட்டு, சான்றுப் புத்தகம் வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு ரிசர்வ் வங்கியின் 'பி பாரம்' வேண்டும். அதற்கு அக்கரையில் இருப்பவர், இவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்த கடிதம் வேண்டும். கையில் கொண்டுபோகிற டாலருக்குக் கடுமையான கட்டுப்பாடு. நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய், கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வரிசையில் நின்று, பணத்தை எண்ணிக் கொடுத்துச் சீட்டு வாங்கினேன். அலைச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீட்டில் என்ன தொகை எழுதியிருந்ததோ அதுதான் கட்டணம். படுக்கை, சோறு, தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். இறங்குகிற நாளில் கூடுதலாக ஒரு காசு யாரும் கேட்கவில்லை.

என் அம்மாவைப் பெற்ற அம்மிச்சி தன் மகனுக்காகக் கட்டிக் கொடுத்த மூட்டையே என் பெட்டியைவிடக் கனம். கச்சாயம், எள்ளுருண்டை, முறுக்கு, பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாய். வழிக்கு எனக்குப் புளிச்சோறு தனியாக. "கப்பல்ல என்ன கெடைக்குமோ என்னமோ கண்ணு. ஒண்ணும் இல்லீன்னாலும் இதைத் தின்னுக்க. மாமனுக்குன்னு வெச்சதுல கை வெக்காத" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். சோறு, பருப்பு அல்லது சாம்பார், ஒரு பொரியல், மோர். கவுச்சி சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக மீனோ கறியோ. காலையில் டீயும் ரொட்டியும். ருசி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பாரில் காரமும் இல்லை, புளிப்பும் இல்லை என்று தினமும் யாராவது சண்டை பிடித்தார்கள். ஆனால் அளவில் குறை வைக்கவில்லை. கேட்டவர்களுக்கு இரண்டாம் முறையும் போட்டார்கள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. ஆழம் போதாது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, ஆட்கள் படகுகளில் வந்து ஏறினார்கள். அப்படி ஏறிய நாகூர்ப் பெரியவர் ஒருவருக்கு என் கட்டிலுக்குக் கீழ்க் கட்டில். நாகையைத் தாண்டி நடுக்கடல் வந்ததும் கப்பல் ஆட ஆரம்பித்தது. குடலே வெளியே வந்துவிடும்போல எனக்கு வாந்தி. சோற்றைப் பார்க்கவே பயந்து சுருண்டு கிடந்தேன். பெரியவர் தன் தட்டிலிருந்த வெறும் சோற்றில் எங்கள் அம்மிச்சியின் ஊறுகாயைப் பிசைந்து உருட்டி என் கையில் வைத்தார். "தம்பி, காலி வயித்தோட மட்டும் படுக்காதீங்க. ரெண்டு வாய் உள்ள போகட்டும். வந்தா வரட்டும், மறுபடி சாப்பிடுங்க" என்றார். அப்படியே செய்தேன். மறுநாள் எழுந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு ராத்திரிகளில் எங்கள் வரிசைக் கட்டில்களில் மூட்டை அவிழ்க்கிற நேரம் என்று ஒன்று வந்துவிட்டது. நாகூர்ப் பெரியவர் தம்ரூட் எடுப்பார். காரைக்குடிப் பக்கத்து அம்மா ஒருவர் சீப்புச் சீடை எடுப்பார். கோலாலம்பூரில் மகனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த தஞ்சாவூர் வாத்தியார் அதிரசம் எடுப்பார். நான் முறுக்கு எடுப்பேன். அம்மிச்சி கை வைக்காதே என்று சொன்ன கச்சாயமும் மெல்ல மெல்ல வெளியே வந்தது. யார் என்ன சாதி, என்ன மதம், யார் வீட்டுப் பண்டம் என்று யாரும் பார்க்கவில்லை. 1976இல் எங்கள் ஊரில் டீக்கடையில்கூட எல்லோரும் ஒரே கிளாசில் குடித்ததில்லை. அதை நினைத்தால் அந்தக் கட்டில் வரிசையின் பெருமை புரியும்.

பினாங்குத் துறைமுகத்தில் மாமன் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். கப்பல் என்னை மாமனிடம் கொண்டுசேர்த்தது. கட்டிய பணத்துக்கு நான் எதிர்பார்த்ததும் அதுதான், கிடைத்ததும் அதுதான். ஊருக்கு வந்து, "சோறு சுமார், மனுசங்க நல்லவங்க, காசுக்கு மோசமில்ல" என்று சொன்னேன். அம்மிச்சிக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. பல உயிர்கள் போயின. அதன்பின் அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றவில்லை. சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருந்த பயணிகள் கப்பல் போக்குவரத்து அத்தோடு முடிந்துபோனது. விமானம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

*

இனி இன்றைய கதை. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக விமானம் போகிறது. வீட்டில் உட்கார்ந்தே பணம் கட்டிவிடலாம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் மலேசியாவுக்குள் விசா இல்லாமல் முப்பது நாள் தங்கலாம் என்றாகிவிட்டது. அம்மை ஊசியும் பி பாரமும் தெரியாத தலைமுறை வந்துவிட்டது. மிகவும் நல்லது. நாங்கள் பட்ட அலைச்சலை இவர்களும் பட வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கோவையில் ஒரு டிராவல்ஸ்காரர் மூலம் எங்கள் ஊர்க்காரர்கள், ஆலாந்துறை, நரசீபுரம் ஆட்கள் என்று குழுவாகப் போனோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு போய், மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குகிற பயணம். கப்பலின் பெயர் இங்கே தேவையில்லை. இந்தக் கடல் வழியில் பல கம்பெனிகளின் கப்பல்கள் ஓடுகின்றன. நான் சொல்லப்போவது பொதுவாக எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

2024இல் உலகம் முழுவதும் சுமார் 3 கோடியே 46 லட்சம் பேர் இப்படிச் சொகுசுக் கப்பல்களில் போயிருக்கிறார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' இரண்டரை லட்சம் டன்னுக்குச் சற்றே குறைவு. நிரம்ப ஏற்றினால் அதில் 7,600 பயணிகள். 8,500 டன் ரஜூலாவில் ஐயாயிரம் பேர் போன கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று ஒரு மனிதனுக்கு ஒரு பாய் அகலம் இடம். இன்று அதே கடலில் நீச்சல் குளம், நாடக அரங்கு, விளையாட்டுத் திடல். நம் பாட்டன்மார் பட்ட பாட்டைப் பார்க்கும்போது, நம் பிள்ளைகள் பால்கனி வைத்த அறையில் நின்று அதே கடலைப் பார்ப்பது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சோற்றுக்கு வருகிறேன். மேல்தளத்தில் பஃபே. காலை ஆறு ஆறரைக்குத் தொடங்கினால் நள்ளிரவு வரை ஏதாவது ஒன்று திறந்தே இருக்கிறது. சீன நூடுல்ஸ், மலாய் நாசி லெமாக், இத்தாலியப் பாஸ்தா, வட இந்தியக் கறி வகை, பத்து வகைப் பழம், இருபது வகை இனிப்பு. கீழே பெரிய உணவுக் கூடம். அங்கே மேசையில் உட்கார்ந்தால் பரிமாறுவார்கள். இந்த இரண்டும் கட்டணத்தில் அடக்கம். இவை தவிர, தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடுகிற உணவகங்களும் இருக்கின்றன. ஜப்பானியச் சாப்பாடு ஒரு பக்கம், மாட்டிறைச்சி ஸ்டேக் ஒரு பக்கம்.

எங்கள் குழுவில் அவரவர் ஒரு கருத்துச் சொன்னார்கள். நரசீபுரத்துப் பாக்குத் தோட்டத்துக்காரருக்குப் பரம திருப்தி. "வாத்தியாருங்க, தங்கறது, திங்கறது, வேடிக்கை எல்லாம் ஒரே எடத்துல. ஊர் ஊராப் பெட்டியத் தூக்கிட்டு அலைய வேண்டியதில்லீங்க. குடுத்த காசுக்குத் தகுமுங்க" என்றார். அவர் வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாம் இருக்குதுங்க. ஆனா எதைத் தின்னாலும் தின்ன மாதிரியே இல்லீங்க. ஒரு கரண்டி அரிசிம்பருப்புச் சோத்துக்கு இது ஈடாகுமுங்களா?" ஆலாந்துறையிலிருந்து வந்திருந்த அம்மா சுத்த சைவம். பஃபேயில் கறிக்குப் போட்ட இடுக்கியையே பக்கத்துக் காய்கறித் தட்டிலும் ஆட்கள் போடுவதைப் பார்த்துவிட்டார். அதன்பின் பழமும் ரொட்டியும் தயிருமாக ஓட்டினார். என் பேத்திக்கு உணவுக் கூடம்தான் பிடித்தது. "அங்க உக்காந்து சாப்பிடலாம் தாத்தா, சண்டை போட்டு எடுக்க வேண்டியதில்ல" என்றாள்.

அந்த உணவுக் கூடத்தில் நாகர்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவர் பரிமாறினார். தமிழில் பேசுவதைக் கேட்டு அவராகவே வந்தார். ஆலாந்துறை அம்மாவின் சிரமத்தைச் சொன்னேன். "முந்தின நாள் ராத்திரியே சொல்லிடுங்க ஐயா. கிச்சன்ல தனியா செஞ்சு தருவாங்க. புக் பண்ணும்போதே சைவம்னோ ஜெயின் சாப்பாடுன்னோ எழுதிக் குடுத்திருந்தா இன்னும் நல்லது" என்றார். மறுநாள் மதியம் அந்த அம்மாவுக்குச் சோறும் பருப்பும் தனிக் கிண்ணத்தில் வந்தன. அவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அந்தத் தம்பி எட்டு மாத ஒப்பந்தத்தில் வந்தவர். கடல் தொழிலாளர்களுக்கான 2006ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தப்படி இருபத்து நான்கு மணி நேரத்தில் குறைந்தது பத்து மணி நேரம் ஓய்வு தர வேண்டும். அதாவது பதினான்கு மணி நேரம் வரை வேலை வாங்கலாம். நம் தட்டுக்கு வருகிற ஒவ்வொரு பண்டத்துக்குப் பின்னாலும் அந்த உழைப்பு இருக்கிறது.

என்னை வருத்தியது ராத்திரி பத்து மணிக்கு மேல்தளத்தில் பார்த்த காட்சி. மேசை மேசையாகப் பாதி தின்ற தட்டுகள். ஒரு கடி கடித்த கேக், தொடாத மீன் துண்டு, மலைபோல எடுத்து மலைபோலவே விட்டுப் போன சோறு. 'எல்லாம் காசு கட்டியாச்சு' என்ற நினைப்பில் எடுத்து, முடியாமல் விட்ட சோறு. அது எங்கே போகிறது தெரியுமா? மார்ப்போல் என்ற சர்வதேச விதியின்படி, உணவுக் கழிவைப் பொடியாக அரைத்துவிட்டால் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பாலும், அரைக்காவிட்டால் 12 கடல் மைலுக்கு அப்பாலும், ஓடுகிற கப்பலிலிருந்து கடலில் விடலாம். நாம் மிச்சம் வைப்பதில் பெரும்பங்கு கடலுக்குப் போகக்கூடியது. ஒரு பருக்கை கீழே விழுந்தாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடுகளில் பிறந்தவர்கள் நாம். கப்பல் ஏறியதும் அது மறந்துபோக வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். பினாங்கில் கப்பல் சில மணி நேரம் நின்றது. எங்கள் குழுவிலேயே பலர் இறங்கவில்லை. காரணம் கேட்டால், "மதியச் சோறுதான் இங்கயே இருக்குதுங்களே. வெளிய போனா மறுபடி காசு" என்றார்கள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஜார்ஜ் டவுன், துறைமுக வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. நம் பாட்டன்மார் உழைத்த தெருக்கள், தமிழ்ப் பலகை போட்ட கடைகள், 1833இல் தொடங்கிய மகா மாரியம்மன் கோயில் எல்லாம் அங்கே இருக்கின்றன. நான் மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். மாமன் கணக்கு எழுதிய தெருவைக் காட்டினேன். ஒரு கடையில் வாழை இலை போட்டுச் சோறு, ரசம், அப்பளம். பயணத்திலேயே நாங்கள் மிச்சமில்லாமல் சாப்பிட்ட சாப்பாடு அதுதான்.

*

கடைசி ராத்திரி பில் வந்தது. எங்கள் குழுவில் பல முகங்கள் வாடிப்போயின. சேவைக் கட்டணம், தண்ணீர் பாட்டில், கடையில் குடித்த காப்பி, வைஃபை, போட்டோ என்று வரிசையாகப் போட்டிருந்தது. "டிராவல்ஸ்காரர் எல்லாம் அடக்கம்னு சொன்னாருங்களே" என்று தோட்டத்துக்காரர் என்னிடம் வந்து நின்றார். அவர் வாய்வார்த்தையாகக் கேட்டிருந்தார். கையில் எழுத்தாக ஒன்றும் இல்லை.

சொகுசுக் கப்பல் வியாபாரத்தின் கணக்கை விளங்கிக்கொண்டால் இந்த அதிர்ச்சி வராது. விளம்பரத்தில் வருகிற விலை, பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள்ளறையை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு ஆகிற கட்டணம். தனியாகப் போகிறவர் கிட்டத்தட்ட இரண்டு பேர் கட்டணத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஜன்னல், பால்கனி என்று போனால் விலை ஏறும். துறைமுகக் கட்டணமும் வரியும் தனி. இந்தியாவில் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு தொகையும் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்குக் கொடுக்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சேவைக் கட்டணம் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று வரும். பெரிய கம்பெனிகள் பல ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை வாங்குகின்றன. நாலு பேர் குடும்பம், மூன்று இரவு, தலைக்கு 16 டாலர் என்று வைத்தால் 192 டாலர். நம் பணத்தில் பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல். இதை முன்பே சொல்லிவிட்டால் கொடுப்பவர்கள் மனமுவந்து கொடுப்பார்கள். அந்த நாகர்கோவில் தம்பிக்குப் போகிறதென்றால் யார் வேண்டாம் என்பார்கள்? கடைசி நாளில் காட்டும்போதுதான் மனம் கசந்துபோகிறது.

குறைந்த கட்டணத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கிற பழக்கம் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1906இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி அதை ஒழிக்கக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் இலவசமாக ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுப்பதாகச் சொன்னது என்பது அன்றைய சரித்திரம். இலவசம் என்றால் யாரோ எங்கோ விலை கொடுக்கிறார்கள் என்பதைச் சுதேசிக் கப்பலில் காசு கொடுத்து ஏறிய பயணிகள் புரிந்துகொண்டார்கள். அந்தக் கப்பலுக்காக வ.உ.சி. கொடுத்த விலையைக் கோவைக்காரர்கள் நன்றாக அறிவோம். காந்திபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மத்தியச் சிறையில்தான் அவர் செக்கிழுத்தார். தொண்டாமுத்தூரிலிருந்து பஸ் ஏறிக் காந்திபுரம் போகிற ஒவ்வொருவரும் அந்தச் சிறைக்கு மிக அருகில்தான் இறங்குகிறோம். பயணச் சீட்டின் விலை நேர்மையாக இருக்க வேண்டும் என்று கேட்க நம்மைவிட உரிமையுள்ளவர்கள் யார்?

தமிழ்நாட்டிலிருந்தே இப்போது கப்பல் கிளம்புகிறது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் போகத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்த 'குரூஸ் பாரத்' திட்டம், 2029க்குள் கடல் சுற்றுலாப் பயணிகளைப் பத்து லட்சமாக்க நினைக்கிறது. வரட்டும், வரவேற்கிறேன். ஆனால் ஆளை ஊரிலிருந்து ஊருக்குக் கொண்டுசேர்க்கிற கப்பலும் நமக்கு வேண்டும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற பெயரில் மறுபடி வந்த கப்பலை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். நூற்றைம்பது பேர் வரை உட்கார்ந்து போகிற சின்னக் கப்பல். சுமார் நாலு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்துக் கரை. அதில் நாடக அரங்கும் இல்லை, நள்ளிரவு இனிப்பும் இல்லை. அக்காவைப் பார்க்கப் போகிற தம்பியும், நல்லூர்க் கோயிலுக்குப் போகிற பக்தரும் அதில் போகலாம். அரசுகள் அந்தப் போக்குவரத்தைக் கைவிடாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

சொகுசுக் கப்பல் காசுக்குத் தகுமா என்று கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு இது. வயதான அப்பா அம்மாவையும் குழந்தைகளையும் ஒரே இடத்தில் வைத்து, அலையாமல் சில நாள் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் தகும். ஊரைப் பார்க்க வேண்டும், மனிதர்களைப் பார்க்க வேண்டும் என்றால் விமானத்தில் போய்ப் பினாங்கிலேயே தங்குங்கள். அதே பணத்தில் நிறையப் பார்க்கலாம். சாப்பாட்டுக்காக மட்டும் போவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். அதைவிட நல்ல சோறு நம் ஊர்ப் பந்தியில் கிடைக்கிறது.

போவதென்று முடிவு செய்தவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் நாலு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரி, துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு? எந்த உணவகங்கள் அடக்கம், எவற்றுக்குத் தனிக் காசு? சைவச் சாப்பாடு தனியாகச் சமைத்துத் தருவார்களா? மறுபடி சிங்கப்பூருக்குள் வர விசா செல்லுமா? பதில் எழுத்தில் வரவில்லையென்றால் பணம் கட்டாதீர்கள். கப்பலில் ஏறியபின், தட்டில் கொஞ்சமாக எடுங்கள், எடுத்ததை முழுசாகச் சாப்பிடுங்கள். கரை வந்தால் கட்டாயம் இறங்குங்கள்.